மண்கரை எப்படித் தாங்குகிறது?

வைகை நேரே கடலுக்குப் போவதில்லை. ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து அடங்குகிறது. மிஞ்சினால்தான் ஆற்றங்கரை என்ற ஊர் வழியாகக் கடல்.

அத்தனை தண்ணீரையும் வெறும் மண்கரை எப்படித் தாங்குகிறது? 3 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் தண்ணீர் சுமார் 3 டன் எடைக்குச் சமமாகத் தள்ளும். மேலே போகப்போக அழுத்தம் குறையும். அதனால்தான் கரை அடியில் அகன்று உச்சியில் குறுகியிருக்கிறது. ஈரக் களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்கினால் கசிவும் மட்டுப்படும்.

கரைக்கு எமன், மேலே வழியும் நீர்தான். வெளிச்சரிவை அரித்துக் கரையையே கொண்டுபோய்விடும். அதற்குத்தான் கரையைவிடத் தாழ்வாகக் கல்லால் கட்டிய கலுங்கு. நிறைந்ததும் மிச்சம் அங்கே மறுகால் பாயும்.

இன்னொரு எதிரி நண்டு வளை; அதன் வழியே தண்ணீர் கசியும். கண்மாய் நிறைந்திருக்கும்போது வெளிச்சரிவைப் பாருங்கள்: தெளிந்த நீர் கசிந்தால் பெரிதாகப் பயமில்லை, கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது, உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.