குட்டிகளுக்கு வயிற்றோட்டமா?

"பதினொன்று போட்டது மிஸ், நாலுதான் மிச்சம்" என்றார், கேகாலைத் தோட்டமொன்றில் லயத்துக்குப் பின்னால் பன்றி வளர்க்கும் அக்கா. தாய்ப்பன்றி சுயதொழில் கடனில் வாங்கியது. தவணை மாதந் தவறாமல் வரும்.

முதற்பால் கூடாதென்று யாரோ சொல்ல, பிறந்தவுடனேயே குட்டிகளைப் பிரித்து வைத்திருக்கிறார். அங்கேதான் பிழை. பன்றிக்குட்டி நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாமலே பிறக்கிறது. அது தாயின் சீம்பாலில்தான் கிடைக்கும். ஒரு நாள் கடந்தால் குடல் அதை ஏற்காது. ஆகவே சகோதரிகளே, பிறந்த சில மணித்தியாலங்களுக்குள் எல்லாக் குட்டிகளையும் குடிக்க விடுங்கள், நோஞ்சான் குட்டியைக் கையில் பிடித்தாவது.

முதல் நான்கு நாளில் தண்ணீராகப் போனால் பெரும்பாலும் ஈ கோலை பக்டீரியா. இரத்தங் கலந்தால் குளொஸ்ட்ரீடியமாக இருக்கலாம். ஓரிரு நாளிலேயே கொன்றுவிடும். ஒரு வாரமளவில் மஞ்சள் களியாகப் போனால் கொக்சீடியா ஒட்டுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு அன்டிபயோட்டிக் பலிக்காது. எனவே கண்ட மருந்தையும் வாங்காமல் அரச மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

சப்ரகமுவ மழையில் தரை காய்வதேயில்லை. ஈரமும் குளிரும் குட்டியை இன்னும் சோர வைக்கும். காய்ந்த மானாப்புல்லைப் பரப்பி, நனைந்ததும் மாற்றச் சொன்னேன்.

நாலில் மூன்று பிழைத்தன. அடுத்த ஈற்றுக்கு முன் தாய்க்குத் தடுப்பூசி போடலாமா என்று அக்கா இப்போதே விசாரிக்கிறார்.