மருத்துவப் பணி ஒழுங்கில் கையடக்கக் கருவிகள்

மருத்துவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நோயாளியின் அருகிலேயே பயன்படுத்தக்கூடிய கைக்கணினி, திறன்பேசி, டேப்லெட் போன்றவை கையடக்கக் கருவிகள் எனப்படும். யாரை முதலில் பார்ப்பது, எவருடைய இரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை, மாத்திரை வாங்க வராமல் போனவர் யார் என்பவற்றை மறவாமல் வைத்திருக்க இவை உதவுகின்றன.

1993இல் ஆப்பிள் நிறுவனத்தின் நியூட்டனும், 1996இல் பாம் பைலட்டும் விற்பனைக்கு வந்தன. பாம் பைலட்டில் மருந்தளவு பார்க்கும் மென்பொருள்களை 1990களின் இறுதியில் அமெரிக்க மருத்துவர்கள் பயன்படுத்தத் தொடங்கினர். மின்கலம் தீர்ந்துபோனால் அதிலிருந்த குறிப்புகளும் அழிந்துவிடும். அந்த வகையில் பழைய சட்டைப்பைக் குறிப்பேடே மேல். பின்னர் வந்த திறன்பேசி, கைக்கணினியை வழக்கொழித்துவிட்டது.

தமிழ்நாட்டு எடுத்துக்காட்டு

கருவியில் நிறையத் தகவல் சேர்ப்பதால் மட்டும் வேலை ஒழுங்காகிவிடாது. சேர்த்த தகவல் அவசர நோயாளியைப் பிரித்துக் காட்ட வேண்டும். இதற்குத் தமிழ்நாட்டின் காசநோய் இறப்பில்லாத் திட்டம் நல்ல சான்று.

ஒரு காலத்தில் காசநோயாளிகளை மாதக்கணக்கில் சானடோரியத்தில் தங்கவைத்தே சிகிச்சை அளித்தனர். ஊரப்பாக்கத்திலிருந்து சென்னை செல்லும் மின்தொடர் வண்டி நிற்கும் 'தாம்பரம் சானடோரியம்' நிலையத்தின் பெயர் அக்காலத்தின் எச்சம். வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொண்டாலும் குணமாகும் என்பதை, சென்னையில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையத்தின் ஆய்வு காட்டியது. உலகமே அந்த முறைக்கு மாறியது. ஆனால் அதில் ஒரு சிக்கலும் உண்டு. மிகவும் நலிந்த நோயாளியும் மற்றவர்களைப் போலவே மாத்திரையுடன் வீட்டுக்கு அனுப்பப்பட்டுவிடலாம். காசநோய் இறப்புகளில் பல, சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே நிகழ்கின்றன.

இதைத் தடுக்க, சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவு இயல் நிறுவனத்துடன் இணைந்து மாநில அரசு 2022இல் இத்திட்டத்தைத் தொடங்கியது. நோய் உறுதியானதும் சுகாதாரப் பணியாளர் உயரம், எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, இரத்த ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைப் பார்க்கிறார். பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்றும் பார்க்கிறார். எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் கொண்டு கணக்கிடும் உடல் நிறை எண் 14 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் அது தீவிர நிலை. 160 செ.மீ. உயரமுள்ளவர் ஏறத்தாழ 36 கிலோ மட்டுமே இருப்பது என்று வைத்துக்கொள்ளலாம். கால் வீக்கம் இருந்தால் 16 என்ற எண்ணே போதும். மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேல், ஆக்சிஜன் 94 விழுக்காட்டுக்குக் கீழ், தாங்கிப் பிடிக்காமல் நிற்க இயலாமை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் தீவிர நிலையே. இவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டியவர்கள்.

இதற்கு எக்ஸ்ரே வேண்டாம். எடைப் பொறியும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியும் போதும். விவரங்கள் 'டிபி சேவா' என்ற இணையச் செயலியில் ஏறுவதால், தீவிர நோயாளி யார், அவர் மருத்துவமனையில் சேர்ந்துவிட்டாரா என்பதை மாவட்ட மருத்துவர் காண முடிகிறது. 2025இல் இறப்பு நேரும் வாய்ப்பைக் கணித்துக் காட்டும் வசதியும் இதில் சேர்க்கப்பட்டது. எடை பார்க்காமலே ஒரு எண்ணை இட்டு நிரப்பினால் செயலியும் தவறாகத்தான் சொல்லும்.

சிறு மருத்துவமனையில்

ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி போன்ற புறநகர்களில் தனியாகச் சிறு மருத்துவமனை நடத்தும் மருத்துவருக்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை. திறன்பேசியின் நாட்காட்டியில் மறுபரிசோதனை நாளைக் குறித்து, வராதவர் பட்டியலை வாரம் ஒருமுறை பார்த்தாலே சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளிகளில் விடுபடுவோர் தெரிந்துவிடுவர். பரிசோதனைக்கு அனுப்பியவர்களின் பட்டியலைத் தனியே வைப்பது இன்னும் முக்கியம். மேல்சிகிச்சைக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு அனுப்பும்போது, கொடுத்த மருந்துகளின் விவரத்தை எழுதி நோயாளியின் கையிலும் தர வேண்டும். அங்குள்ள மருத்துவர் இவருடைய செல்பேசியைப் பார்க்கப் போவதில்லை.

தொலைமருத்துவத்துக்கான இந்திய வழிகாட்டு நெறிமுறைகள் 2020 மார்ச் 25 அன்று வெளியிடப்பட்டன. தொலைபேசி, காணொலி, குறுஞ்செய்தி வழியே ஆலோசனை தர அவை இடமளிக்கின்றன. ஆனால் போதைத் தன்மையுள்ள மருந்துகளை இவ்வாறு எழுதித் தர அனுமதியில்லை. ஆலோசனையின் பதிவையும் மருத்துவர் பாதுகாக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வரும் புண்ணின் படமும் பேரப்பிள்ளையின் பிறந்தநாள் படமும் ஒரே தொகுப்பில் கிடப்பது பலரிடம் காணும் வழக்கம். வீட்டில் எவரும் எடுத்துப் பார்க்கும் செல்பேசி இதற்கு ஏற்றதல்ல. பணிக்கென்று தனிக் கருவி, திரைப்பூட்டு, தொலைந்தால் தொலைவிலிருந்தே அழிக்கும் வசதி ஆகியவை வேண்டும். வார்டுக்குள் கொண்டுசெல்லும் கருவியைத் துடைப்பதும், நோயாளி பேசும்போது அதைக் கீழே வைப்பதும் மருத்துவரின் பொறுப்பு.