பிடிவாதம் அல்ல, நோயின் அறிகுறி: பள்ளி செல்ல மறுக்கும் வளரிளம் பருவத்தினர்

புது தில்லி: நீண்ட விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் நாள்களில் மனநல மருத்துவர்களிடம் பெற்றோர் கொண்டுவரும் குறை ஒன்று உண்டு. நேற்று வரை நன்றாகப் படித்துவந்த மகனோ மகளோ காலையில் வயிற்று வலி, தலைவலி, குமட்டல் என்று படுத்துவிடுகின்றனர். பள்ளிப் பேருந்து சென்ற சிறிது நேரத்தில் வலி மறைகிறது. மறுநாள் மீண்டும் அதே வலி. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வருவதில்லை.

இதை நடிப்பு என்று பெரும்பாலான வீடுகளில் முடிவு கட்டிவிடுகின்றனர். ஆனால் வலி உண்மையானது. அச்சம் மேலோங்கும்போது இதயத் துடிப்பு விரைகிறது, குடலின் இயக்கம் மாறுகிறது, வியர்க்கிறது, மூச்சு முட்டுகிறது. அச்சத்தின் காரணம் அகன்றதும் உடல் அமைதியடைகிறது. வலி மறைவது, அது பொய் என்பதற்குச் சான்றல்ல; பதற்றமே அதன் வேர் என்பதற்குத்தான் சான்று.

வகுப்புக்கு மட்டம் போடும் மாணவர்கள் வீட்டுக்குத் தெரியாமல் வெளியே சுற்றுவார்கள். இவர்கள் அப்படி அல்லர். பெற்றோருக்குத் தெரிந்தே வீட்டில் இருப்பவர்கள். முதல் நாள் இரவு புத்தகப் பையை அடுக்கி வைத்துவிட்டு, காலையில் வாசலைத் தாண்ட இயலாமல் அழுபவர்கள். 1941-இல் அமெரிக்க மருத்துவர்கள் இதற்குப் "பள்ளி அச்சம்" என்று பெயரிட்டனர். அச்சம் பள்ளியைப் பற்றியதாக மட்டும் இருப்பதில்லை என்பதால், பின்னர் "பள்ளி மறுப்பு" என்னும் சொல் வழக்குக்கு வந்தது. இது தனி நோயின் பெயரன்று. இதன் பின்னால் பெரும்பாலும் பதற்ற நோயோ மனச்சோர்வோ இரண்டுமோ இருக்கின்றன.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதுக்கு உட்பட்டவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருப்பது தெரியவந்தது. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் கவுன்சில் 2022-இல் சுமார் 3.8 லட்சம் மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், படிப்பு, தேர்வு, தேர்வு முடிவு ஆகியவையே பதற்றத்துக்குக் காரணம் என 81 சதவீதம் பேர் கூறினர்.

நிம்மதியே வலையாகும் விதம்

பள்ளி மறுப்பு நாளுக்கு நாள் வலுப்பெறுவதற்குக் காரணம் உண்டு. செல்ல வேண்டாம் என்று முடிவான அந்த நொடியில் பிள்ளைக்குப் பெரும் நிம்மதி கிடைக்கிறது. விலகினால் அச்சம் தீரும் என்று மனம் கற்றுக்கொள்கிறது. அடுத்த நாள் செல்வது மேலும் கடினமாகிறது. விடுபட்ட பாடங்கள் குவிகின்றன. "எங்கே போயிருந்தாய்?" என்ற நண்பர்களின் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்ற கூச்சமும் சேர்கிறது. இரண்டு நாள் விடுப்பு இரண்டு மாதமாவது இப்படித்தான்.

ஆகவே அடித்து இழுத்துச் செல்வதும் தவறு. "தானாகச் சரியாகும்வரை வீட்டிலேயே இருக்கட்டும்" என்று விட்டுவிடுவதும் தவறு. முன்னது அச்சத்தைப் பெருக்குகிறது. பின்னது அதற்கு வேர் பிடிக்க இடம் தருகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட வழியே மருத்துவர்கள் காட்டும் வழி: பள்ளிக்குத் திரும்புவது என்ற இலக்கு மாறாது, அதை அடையும் வேகம் மட்டும் பிள்ளையின் நிலைக்கேற்ப மாறும்.

முதல் வாரம் சீருடை அணிந்து பள்ளி வாயில் வரை சென்று திரும்பலாம். அடுத்து நூலகத்திலோ ஆலோசகர் அறையிலோ ஒரு மணி நேரம். பிறகு பிடித்த பாடத்தின் வகுப்பு மட்டும். பின்னர் அரை நாள், அதன்பின் முழு நாள். ஒவ்வொரு படியிலும் பதற்றம் ஏறி, பின் தானாகவே இறங்குவதைப் பிள்ளை அனுபவித்து உணர வேண்டும். அந்த அனுபவமே மருந்து. நடுவில் ஓரிரு நாள் சறுக்கினால், முந்தைய படியிலிருந்து மீண்டும் தொடங்கலாம்.

மனச்சோர்வு மிகுந்த பிள்ளைகளுக்கு இந்த அட்டவணை மட்டும் போதாது. பதற்றம் மட்டும் உள்ளவர்கள் விடுமுறை நாளில் சிரித்து விளையாடுவார்கள். மனச்சோர்வுக்கு உள்ளானவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கசக்கும்; பிடித்த உணவும் கிரிக்கெட்டும் நண்பர்களும் சலித்துப்போகும்; உறக்கம் கெடும்; சிறு சொல்லுக்கும் எரிச்சல் வரும். இந்த நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்கத் தாமதிக்கக் கூடாது.

வீட்டில் செய்யத்தக்கவை

காலை ஏழு மணி வாக்குவாதத்துக்கு உரிய நேரமல்ல. அச்சத்தின் உச்சத்தில் இருப்பவர்களிடம் அறிவுரை செல்லாது. மாலையில், அமைதியான வேளையில் பேசுவதே பயன் தரும். "ஏன் போகவில்லை?" என்பதை விட, "பள்ளியில் எந்த நேரம் மிகக் கடினமாக இருக்கிறது?" என்ற கேள்வி அதிகம் வெளிக்கொணரும். பேருந்தில் கேலி, ஓர் ஆசிரியரின் ஏளனம், கழிப்பறையில் தொல்லை, வாய்மொழித் தேர்வு என்று குறிப்பான காரணம் தெரியவந்தால், முதலில் அதைப் பள்ளியுடன் பேசித் தீர்க்க வேண்டும். துன்புறுத்தல் தொடரும் இடத்துக்குத் துணிந்து செல்லுமாறு பிள்ளையிடம் சொல்வது நியாயமாகாது.

பள்ளி செல்லாத நாளிலும் வழக்கமான நேரத்தில் எழுவது, குளிப்பது, பள்ளி நேரத்தில் தொலைக்காட்சியும் கைபேசி விளையாட்டும் இல்லாதிருப்பது ஆகியவை தேவை. இது தண்டனை அல்ல. பகலையும் இரவையும் தலைகீழாக்காமல் காக்கும் ஒழுங்கு. தாய் ஒன்றும் தந்தை வேறொன்றும் சொல்லும் வீட்டில் எந்தத் திட்டமும் நிற்பதில்லை. அண்ணனோடும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிடுவதை அறவே விட வேண்டும்.

பணியிட மாற்றத்தால் தலைநகருக்கு வரும் மத்திய அரசு ஊழியர்களின் குடும்பங்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். புதிய பள்ளி, புதிய மொழி, பழைய நண்பர்களின் பிரிவு ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன.

பள்ளியின் பொறுப்பு

திரும்பி வரும் மாணவரை வாயிலில் வரவேற்க, அவருக்கு நம்பிக்கையான ஓர் ஆசிரியர் போதும். மூச்சு முட்டினால் யாரிடமும் விளக்காமல் சென்று அமர ஓர் அறை, விடுபட்ட குறிப்புகள் அனைத்தையும் ஒரே வாரத்தில் எழுதச் சொல்லாத பொறுமை, வகுப்பின் முன்னிலையில் கேள்வி எழுப்பாத நாகரிகம் ஆகியவற்றுக்குப் பணம் செலவாவதில்லை.

மனநலம் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு உறுதி செய்யும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்றும் நெறிமுறை வகுத்தது. இதைச் சுட்டிக்காட்டி ஆலோசகரின் உதவியைப் பெற்றோர் கேட்கலாம்.

பொதுத் தேர்வு எழுதுவோர் வருகைப் பதிவையும் மறக்கலாகாது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 10, 12-ஆம் வகுப்புத் தேர்வுகளுக்கு 75 சதவீத வருகை தேவை. உரிய மருத்துவ ஆவணங்களைப் பள்ளி வழியாக உரிய நேரத்தில் அளித்தால் தளர்வு கோரலாம். ஊர் என்ன பேசும் என்று அஞ்சி நோயை மறைக்கும் பெற்றோர், தேர்வு நெருங்கும்போது கையில் ஆவணமின்றித் தவிக்க நேரிடும்.

நோய் கடுமையாக இருந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் சேரும் வழியும் உண்டு. அதில் ஆண்டுக்கு இருமுறை பொதுத் தேர்வு நடைபெறுகிறது. ஐந்து ஆண்டுகளுக்குள் பாடங்களைத் தனித்தனியாகவும் எழுதி முடிக்கலாம். ஆனால் இது சிகிச்சைக்கு மாற்று அல்ல. அச்சத்தைத் தீர்க்காமல் பள்ளியை மட்டும் மாற்றினால், அது கல்லூரி வாசலில் மீண்டும் காத்திருக்கும்.

சிகிச்சை எங்கே?

முதலில் குழந்தை நல மருத்துவரிடம் காட்டி, ரத்தசோகை, தைராய்டு போன்ற உடற்கோளாறுகள் இல்லை என உறுதி செய்துகொள்வது நல்லது. பிறகு மனநல மருத்துவர். தில்லியில் எய்ம்ஸ் மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும், தில்ஷாத் கார்டனில் உள்ள இபாஸ் மனநல நிறுவனத்திலும் சிகிச்சை பெறலாம். எண்ணங்களையும் நடத்தையையும் படிப்படியாகச் சீராக்கும் பேச்சு சிகிச்சையே அடிப்படை. தேவைப்பட்டால் மருந்தும் தரப்படும். மனச்சோர்வுக்கான மருந்து பயனளிக்கச் சில வாரங்கள் ஆகும், அது அடிமைப்படுத்துவதில்லை. தொடக்க வாரங்களில் பிள்ளையின் மனநிலையை உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும். மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்தக் கூடாது.

"நான் இல்லாவிட்டால் நல்லது" என்ற பேச்சை மிரட்டல் என்று ஒதுக்குவது ஆபத்து. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் மட்டும் 13 ஆயிரத்துக்கும் அதிகமான மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டனர். சாகும் எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது. மாறாக, பேச வழி திறக்கும். அவ்வேளையில் பிள்ளையைத் தனியே விடாமல், மருந்துகளையும் பூச்சிமருந்தையும் அப்புறப்படுத்தி, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் டெலி-மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.

மீண்டு வருவதற்கு வாரங்கள் ஆகலாம்; மாதங்களும் ஆகலாம். ஓர் ஆண்டுப் படிப்பு தாமதமானால் ஈடுகட்டிவிடலாம். ஆனால் மறுத்த முதல் வாரத்திலேயே மருத்துவரையும் பள்ளியையும் நாடுவதற்கும், ஆண்டு முடிவில் நாடுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. அந்த முதல் வாரம் பெற்றோரின் கையில் இருக்கிறது.