புகைக்குழாய்க்கு ஒரு போர்வை

வாஷியில் நாம் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த அன்பர் ஒருவர் வசிக்கிறார். கார் ஓட்டுதலே அவர் ஜீவனம். பிறர் காரை இருபது ஆண்டுகள் ஓட்டியபின், சென்ற ஆண்டு தமக்கென்று ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கினார். அவர் மூத்த மகன் துர்பேயில் ஒரு பட்டறையில் தொழில் பழகி வருகிறான்.

மே மாதத்து ஞாயிறு ஒன்றில் நாம் காய்கறிப் பையுடன் திரும்புகையில், அப்பிள்ளை காரின் பானெட்டைத் திறந்து வைத்துக் குனிந்துகொண்டிருந்தான். கீழே அழுக்கேறிய வெண்ணிற நாடா ஒன்று சுருளாகக் கிடந்தது.

"என்ன தம்பி, என்ஜினுக்குக் கட்டுப் போடுகிறாயா?" என்றோம்.

"ஆமாம் அண்ணாச்சி. கால்பக்கம் அனல் அடிக்கிறது என்கிறார் அப்பா. புகைக்குழாயில் இதைச் சுற்றிவிட்டால் சூடு வெளியே வராது. வண்டியும் நன்றாக இழுக்குமாம்."

பிள்ளை சொன்னது பொய்யன்று. என்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் எரிந்த வாயு தனித்தனிக் குழாய்களின் வழியே வெளிவந்து பின்னர் ஒன்றாகக் கூடுகிறது. இக்குழாய்த் தொகுதியையே மெக்கானிக்குகள் ஹெட்டர் என்பர். வார்ப்பிரும்பால் ஒரே துண்டாய் அமைந்ததை மேனிபோல்டு என்பர். பாரம் இழுக்கையில் அவ்வாயுவின் வெப்பம் 800 டிகிரி சென்டிகிரேடையும் எட்டும். சூடான வாயு இலேசாயிருந்து விரைந்து ஓடும். வழியில் குளிர்ந்தால் கனத்துத் தயங்கும். ஆகவே குழாய்க்குப் போர்வை போர்த்தினால் வாயுவின் வேகம் குறையாது. பானெட்டின் உட்புறமும் அவ்வளவு காயாது. பந்தயக் கார்களில் இம்முறை கையாளப்படுவது இதனாலேயே. இருங்காட்டுக்கோட்டையிலும், 2003-இல் திறக்கப்பட்ட கோயம்புத்தூர் காரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் ஓடும் கார்களைப் பார்த்த நம்மவர்க்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பந்தயக்காரர் தம் குழாயை அடிக்கடி கழற்றிப் பார்ப்பர். பழுதெனில் வேறு மாட்டுவர். நம் அன்பர் அந்தக் காரைக் கொண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியவர். வாஷியோ தானைக் கழிமுகத்தின் கரையிலுள்ள ஊர். இவ்வூர்க் காற்றில் உப்பு உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரையில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழையும் உண்டு. நாடாவினுள் புகுந்த நீர் நனைந்த துணி போல் இரும்பை அணைத்துக்கொண்டே இருக்கும். மார்க்கெட்டுக்கும் ரயில் நிலையத்துக்குமாகச் சிறுதூரம் ஓடும் கார் அதைக் காயவைக்கும் அளவுக்குச் சூடேறுவதேயில்லை. அன்றியும், வெளியேற வழியற்ற வெப்பம் குழாயின் உலோகத்தையே வாட்டுகிறது. சாதாரண எஃகுக் குழாய் உள்ளுக்குள் துருப்பிடித்து, ஒருநாள் விரல் பட்டால் உதிரும். மேலே கட்டு அழகாகவே தோன்றும்!

சுற்றித்தான் ஆகவேண்டுமெனில் துருப்பிடிக்காத எஃகுக் குழாயாயிருத்தல் நலம். கண்ணாடி இழையாலோ எரிமலைக் கல்லின் இழையாலோ நெய்த புது நாடாவை, தயாரித்தவர் பெயரும் தாங்கும் வெப்பமும் குறித்த பெட்டியோடு வாங்க வேண்டும். நீரில் நனைத்துக்கொண்டால் இழை பறவாது, இறுக்கமும் கிடைக்கும். தாழ்ந்த முனையில் தொடங்கி மேல்நோக்கிச் சுற்றின், ஓடு வேய்ந்தாற்போல் ஒவ்வொரு சுற்றும் முந்தியதன்மேல் கால் அங்குலம் ஏறி நிற்கும், நீர் வழிந்தோடும். எஃகுப் பட்டையால் முனைகளை இறுக்க வேண்டும். ஆக்ஸிஜன் சென்ஸாரை மூடலாகாது. முதல் ஓட்டத்தில் புகை வருவது இயல்பு. ஆயின் என்ஜினில் எண்ணெய் கசியும் வண்டிக்கு இவ்வேலையே கூடாது. எண்ணெய் ஊறிய நாடா விளக்குத் திரியாகிவிடும்.

இவ்வளவும் அவனிடம் கூறிக்கொண்டே அச்சுருளைக் கையில் எடுக்கக் குனிந்த நாம் சட்டென்று நிமிர்ந்தோம்.

"இது எங்கே கிடைத்தது, தம்பி?"

"பழைய இரும்புக் கடையில், அண்ணாச்சி. ஏதோ பாய்லரில் இருந்ததாம். சும்மாவே கொடுத்தார்கள்."

நம் பாட்டனார் நீராவி என்ஜின் கொட்டகை ஒன்றில் ஃபிட்டராயிருந்தவர். அந்நாளில் பாய்லருக்கும் போர்வை உண்டு. சூடு வெளியேறாதிருந்தால் நிலக்கரி மிச்சமாகும். அப்போர்வை கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். அதைப் பிரித்துப் புதிது கட்டுகையில் மாவு மில்லில் நிற்பவர் போல் தலையெல்லாம் வெண்தூசியாய் வீடு வருவாராம்; பாட்டியார் அச்சட்டையை உதறித் துவைப்பாராம். ஓய்வு பெற்றபின் மாடிப்படி ஏற மூச்சுக்குத் திணறியதை நாம் சிறுவயதில் கண்டிருக்கிறோம். காரணம் இன்னதென்று எவரும் சொன்னதில்லை; கேட்டதுமில்லை.

கல்நார்த் தூசி நுரையீரலில் தங்கிவிடும். புற்றுநோயாக அது தலைகாட்ட இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகளும் ஆகலாம். ஆகவேதான் 1995 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளியின் உடல்நலக் குறிப்புகளை வேலையில் சேர்ந்தது முதல் 40 ஆண்டுகளேனும், அல்லது ஓய்வு பெற்றபின் 15 ஆண்டுகள் வரையிலேனும், எது பிந்தியதோ அதுவரை முதலாளிகள் காக்க வேண்டுமென்று கட்டளையிட்டது. பல நாடுகள் இப்பொருளை அடியோடு விலக்கிவிட்டன.

அச்சுருள் கல்நார்தானா என்று நாம் அறியோம். கண்ணால் பார்த்துக் கண்ணாடி இழையென்றும் கல்நாரென்றும் பிரித்தறிய இயலாது. பரிசோதனைச் சாலையில்தான் தெரியும். தெரியாத வரையில் கல்நாரென்றே கொள்வதுதான் விவேகம். பிள்ளை அதை இன்னும் அறுக்கவில்லை என்பது நம் நல்ல காலம். "உதறாதே, பெருக்காதே" என்று சொல்லித் தண்ணீர் தெளித்து நன்றாய் நனையச் செய்தோம். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு இரட்டைப் பையிலிட்டுக் கட்டினோம். தரையை ஈரத்துணியால் துடைத்து, அத்துணியையும் அதிலேயே போட்டோம். கீழே விளையாடிக்கொண்டிருந்த தங்கையை அவன் தாயார் உள்ளே அழைத்துக்கொண்டார்.

மறுவாரம் வேறு மெக்கானிக் ஒருவர் காரைப் பார்த்தார். புகைக்குழாய்க்கும் காரின் உட்புறத்துக்கும் இடையே கம்பெனியார் வைத்திருந்த தகரத் தடுப்பு, போல்ட் துருவேறி எப்போதோ விழுந்துவிட்டிருந்தது. புதுத் தடுப்பு மாட்டியபின் கால்பக்கத்து அனல் அடங்கிற்று. மாமூல் தடுப்புள்ள காருக்குப் போர்வையே வேண்டியதில்லை என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்.

பை மட்டும் மொட்டை மாடியில் பூட்டிய அறையில் இருக்கிறது. குப்பை வண்டியில் போட நமக்கு மனம் வரவில்லை; அதைக் கிளறுபவர் கையுறை அணிவதில்லை. எவரிடம் ஒப்படைப்பது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.