கடன் வழக்குக் கடிதம்: அசலா, போலியா?

கடன் பாக்கி பற்றி வீட்டுக்கு வரும் எந்தக் கடிதமானாலும் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் அதற்கு ஒரே பெயர்தான்: 'கோர்ட் நோட்டீஸ்'. வக்கீல் அனுப்பியதும் கோர்ட் நோட்டீஸ், வங்கி அனுப்பியதும் கோர்ட் நோட்டீஸ், கடன் ஆப்காரர்கள் வாட்ஸ்அப்பில் தட்டிவிடும் படமும் கோர்ட் நோட்டீஸ். குழப்பம் இந்தப் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. அசலா போலியா என்று ஆராய்வதற்கு முன், கடிதத்தை அனுப்பியது யார், எந்தச் சட்டத்தின் கீழ் அனுப்பினார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நீதிமன்றத்திலிருந்து வராத கடிதமும் முழுக்க அசலாக இருக்கலாம். அதைக் குப்பையில் போட்டவர் வீட்டையே இழக்கவும் நேரலாம்.

முதலில் வருவது பெரும்பாலும் வக்கீல் நோட்டீஸ். இது வழக்கல்ல, வழக்குப் போடப் போகிறோம் என்ற அறிவிப்பு. முறையான நோட்டீசில் கட்சிக்காரரின் பெயர், கடன் கொடுத்த தேதி, அசல், வட்டி, புரோநோட்டா செக்கா அடமானமா என்ற விவரம், எத்தனை நாளில் பணம் தர வேண்டும் என்ற கெடு ஆகியவை இருக்கும். வக்கீலின் அலுவலக முகவரியும் கையெழுத்தும் இருக்கும். பலர் பதிவு எண்ணையும் அச்சிடுவார்கள். அந்தப் பெயரில் ஒரு வக்கீல் இருக்கிறாரா என்பதை தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலிடமோ உள்ளூர் வக்கீல் சங்கத்திலோ கேட்டு அறியலாம். கடிதத்தில் இருக்கும் கைபேசி எண்ணுக்கே போன் போட்டு விசாரிப்பதில் பயனில்லை. போலிக் கடிதம் என்றால் எழுதியவரே எடுத்து, 'ஆமாங்க, வக்கீல்தானுங்க பேசறேன்' என்பார்.

வக்கீல் நோட்டீசிலேயே ஒருவகைக்குக் கெடு மிகக் கடுமையானது. செக் திரும்பினால், அந்தத் தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் பணம் வரவேண்டியவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர் குற்றவியல் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம், பிரிவு 138. தண்டனை இரண்டு ஆண்டு சிறை வரை, அபராதம் செக் தொகையைப் போல் இருமடங்கு வரை போகும். பின்தேதியிட்ட செக்கை நம்பியே நூலும் துணியும் கைமாறும் சோமனூர், பல்லடம், திருப்பூர் பகுதிகளில் இந்த 15 நாள் கணக்கு தெரியாத தொழில்காரர் குறைவு. பலருக்குத் தெரியாதது வேறொன்று. 2015இல் வந்த திருத்தத்தின்படி, செக்கைத் தன் கணக்கில் போட்டவரின் வங்கிக் கிளை எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்தில்தான் வழக்கு. எனவே சூரத்திலோ மும்பையிலோ இருந்து, படிக்கத் தெரியாத மொழியில் சம்மன் வந்தது என்பதற்காகவே அது போலி ஆகிவிடாது. சரக்கு கொடுத்த வியாபாரியின் வங்கி அங்கே இருந்தால் சம்மனும் அங்கிருந்துதான் வரும்.

தபால்காரரிடம் 'வேண்டாம், திருப்பி அனுப்பிடுங்க' என்று சொல்லித் தப்பலாம் என்ற நம்பிக்கை ஊர்ப்பக்கம் இன்னும் இருக்கிறது. சட்டம் அதை ஏற்பதில்லை. சரியான முகவரிக்கு முறையாக அனுப்பிய கடிதம் சேர்ந்துவிட்டதாகவே கொள்ளப்படும் என்று உச்ச நீதிமன்றம் 2007இல் அலவி ஹாஜி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அடுத்து சம்மன். உரிமையியல் நீதிமன்றத்தில் பணம் கேட்டுத் தாக்கலாகும் வழக்கு அசல் வழக்கு. வக்கீல்கள் வாயில் 'ஓ.எஸ்.'. அந்தச் சம்மனில் நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், ஆண்டு, வாதி, பிரதிவாதி பெயர்கள், ஆஜராக வேண்டிய தேதி எல்லாம் இருக்கும். நீதிபதியோ அவர் நியமித்த அலுவலரோ கையெழுத்திட்டு, நீதிமன்ற முத்திரை வைத்திருக்க வேண்டும். கூடவே பிராதின் நகல் வர வேண்டும். இந்தக் கடைசி அடையாளம் முக்கியமானது. என்ன கடன், எப்போது வாங்கியது, எந்த ஆவணம் என்று பக்கம் பக்கமாகச் சொல்லும் பிராது இல்லாமல், ஒரே தாளில் மிரட்டல் மட்டும் இருந்தால் சந்தேகப்படக் காரணம் உண்டு. சம்மனை நீதிமன்ற ஊழியர் நேரில் கொண்டுவருவார். ஊர் மக்கள் அவரை அமீனா என்பார்கள். வாங்கியதற்கு அவர் கையெழுத்துக் கேட்பார். ஆள் இல்லாவிட்டாலோ வாங்க மறுத்தாலோ கதவில் ஒட்டிவிட்டுப் போக விதி இருக்கிறது. தபாலிலும் கூரியரிலும் கூட வரலாம்.

உண்மையான சம்மனின் மொழி உப்புச் சப்பற்றது. இன்ன தேதியில் ஆஜராகுங்கள், தவறினால் நீங்கள் இல்லாமலேயே வழக்கு விசாரிக்கப்படும். அவ்வளவுதான். 'இன்று மாலை 5 மணிக்குள் கைது', 'போலீஸ் வண்டி புறப்பட்டுவிட்டது', 'ஆதார் முடக்கப்படும்' போன்ற வசனங்களை எந்த நீதிமன்றமும் எழுதாது. வாங்கிய கடனைக் கட்டவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரைப் போலீஸ் கைது செய்ய முடியாது. தீர்ப்பாகி, அதை நிறைவேற்றும் கட்டத்தில் சிவில் சிறை என்று ஒன்று உண்டுதான். ஆனால் கையில் வசதியிருந்தும் வேண்டுமென்றே கட்டாதவருக்கே அது என்று 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணம் கட்டச் சொல்லும் தீர்ப்புக்காகப் பெண்களைச் சிறையில் அடைக்கவே உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடம் தரவில்லை.

சரிபார்க்கும் வழி எளிது, செலவும் இல்லை. இ-கோர்ட்ஸ் இணையதளத்திலோ அதன் கைபேசிச் செயலியிலோ மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்து, வழக்கு எண்ணையோ கட்சிக்காரர் பெயரையோ போட்டுத் தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். எனப்படும் 16 இலக்க அடையாளம் உண்டு. அதைப் போட்டால் வழக்கின் வாய்தாத் தேதிகள் வரை வந்துவிடும். பெயரைக் கொண்டு தேடும்போது எழுத்துக்கூட்டல் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். 'பழனிச்சாமி' ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதப்படும் என்பது கொங்கு நாட்டில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இணையம் கைவராதவர்கள் கடிதத்தில் உள்ள நீதிமன்றத்துக்கே போகலாம். கோவை ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகமானாலும் பொள்ளாச்சி, பல்லடம், கோபி நீதிமன்றமானாலும் அலுவலகத்தில் வழக்கு எண்ணைச் சொன்னால், அப்படியொரு வழக்கு உண்டா, சம்மன் அனுப்பப்பட்டதா என்பது தெரிந்துவிடும்.

இ-கோர்ட்ஸில் இல்லை, அதனால் போலி என்று முடிவு கட்டுவதில்தான் பலர் வழுக்குகிறார்கள். வங்கிகள் 20 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கடனுக்குப் போகும் கடன் வசூல் தீர்ப்பாயம் தனி அமைப்பு; கோவையிலேயே ஒன்று இயங்குகிறது. அதன் வழக்குகளைத் தீர்ப்பாயத்தின் சொந்த இணையதளத்தில்தான் தேட வேண்டும். வீட்டை அடமானம் வைத்த கடன் என்றால், வங்கி எந்த நீதிமன்றத்துக்கும் போகாமலேயே 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் அனுப்பலாம். அதில் நீதிமன்ற முத்திரை இருக்காது, வங்கியின் அங்கீகாரம் பெற்ற அலுவலர் கையெழுத்து மட்டுமே இருக்கும். அப்புறம் சொத்தைக் கையகப்படுத்தும் அறிவிப்பைச் சுவரில் ஒட்டி, நாளிதழிலும் போடுவார்கள். அதை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள் அவகாசம். விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பது தோட்டத்தை அடமானம் வைத்தவர்கள் மனதில் வைக்க வேண்டிய விஷயம்.

நடுவர் நோட்டீஸ் இன்னும் ஏமாற்றும். வண்டிக் கடன், தனிநபர் கடன் ஒப்பந்தங்களில் பொடி எழுத்தில் நடுவர் தீர்ப்புக்கு ஒப்புக்கொண்ட ஷரத்து இருக்கும். தவணை நின்றதும் சென்னையிலோ வேறெங்கோ இருக்கும் நடுவரிடமிருந்து கடிதம் வரும். பார்த்தால் தனியார் அலுவலகத் தாள்போல இருக்கும். இப்போது வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும்கூட வருகிறது. 'யாரோ மிரட்டறாங்க' என்று விட்டுவிட்டால், நடுவர் தீர்ப்பு 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமமாகி, நிறைவேற்று மனுவாக உள்ளூர் நீதிமன்றத்துக்கு வந்து சேரும். அமீனா ஜப்தி உத்தரவுடன் வாசலில் நிற்கும்போதுதான் பழைய கடிதம் ஞாபகத்துக்கு வரும். அந்த நடுவரைக் கடன் கொடுத்த நிறுவனமே தன் இஷ்டத்துக்கு நியமித்திருந்தால், 2019இல் உச்ச நீதிமன்றம் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் சொன்னதைக் காட்டி ஆட்சேபிக்க வழி உண்டு. ஆனால் ஆட்சேபிக்க முதலில் கடிதத்தைப் பிரித்துப் படித்திருக்க வேண்டும்.

லோக் அதாலத் நோட்டீசும் அசல்தான். வழக்குத் தாக்கலாகும் முன்பேகூட அது வரலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பெயரில் வரும் அது சமரசத்துக்கான அழைப்பு. இருதரப்பும் ஒத்துக்கொண்டால்தான் தீர்வு; யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஒத்துக்கொண்டு கையெழுத்திட்ட பின் மேல்முறையீடு கிடையாது. 'கேவியட்' என்று ஒரு கடிதம் வந்தால் அதுவும் வழக்கல்ல: எதிர்த்தரப்பு மனுப்போட்டால் தன்னைக் கேட்காமல் உத்தரவு போட வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே சொல்லி வைப்பது. 90 நாளில் அது காலாவதியாகும்.

கடன் கொடுத்தவருக்கு வரும் கடிதமும் ஒன்று உண்டு. கடன்காரர் 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டப்படி திவால் மனுப் போட்டால், நீதிமன்றம் கடன் கொடுத்தோருக்கு அறிவிப்பு அனுப்பும். 'மஞ்ச நோட்டீஸ் குடுத்துட்டான்' என்று மக்கள் சொல்வது இதைத்தான். தாளின் நிறத்தைப் பார்க்காமல் மனு எண்ணைப் பார்த்தே இதையும் சரிபார்க்க வேண்டும்.

இனி போலி. உடனடிக் கடன் ஆப்கள் பெருகியபின் பி.டி.எஃப். வடிவில் 'நீதிமன்ற ஆணை' அனுப்புவது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. வண்ணத்தில் சிங்க முத்திரை, ஒரே தாளில் உச்ச நீதிமன்றமும் சி.பி.ஐ.யும் ரிசர்வ் வங்கியும், கீழே ஒரு யு.பி.ஐ. எண் என்று காட்சி தரும். எண் இல்லாத வழக்கு, பெயர் இல்லாத நீதிமன்றம், கடன் கொடுத்தவர் யார் என்றே சொல்லாத கோரிக்கை ஆகியவை இவற்றின் பொது அடையாளங்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு என்று எழுதியிருந்தால் கடன் தேதியைப் பார்க்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடந்த செயல்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, பாரதிய நியாய சம்ஹிதைதான். அதே நாளில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் முத்திரைப் படம் அல்லது மின்கையொப்பத்துடன் மின்வடிவிலும் சம்மன் அனுப்ப அனுமதிக்கிறது. ஆகவே கைபேசியில் வந்தது என்பது மட்டுமே போலிக்குச் சான்றல்ல. பணத்தை ஒரு தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொல்வதுதான் சான்று. எந்த நீதிமன்ற ஊழியரும் யு.பி.ஐ.யில் பணம் கேட்கமாட்டார்.

படித்தவர்கள் ஏமாறமாட்டார்கள் என்பதும் பொய். லூதியானாவின் வர்த்மான் ஜவுளிக் குழுமத் தலைவர் எஸ்.பி.ஓஸ்வால், கோவை மில் முதலாளிகளுக்குப் பழக்கமான பெயர். 2024இல் வீடியோ அழைப்பில் போலி உச்ச நீதிமன்ற விசாரணையே நடத்திக் காட்டி, 82 வயதான அவரிடம் 7 கோடி ரூபாய் பறித்தார்கள். அப்படிப் பணம் போய்விட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே சொல்ல வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிக்கொண்டே இருக்கும்.

அசல் என்று தெரிந்தால் நாட்களை எண்ணத் தொடங்க வேண்டும். அசல் வழக்கில் சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை. புரோநோட்டை வைத்துச் சுருக்க நடைமுறையில் போட்ட வழக்கென்றால் ஆஜராகவே 10 நாள்தான். கடன் மூன்று ஆண்டுக்கு மேல் பழையதாக இருந்தால் காலாவதி என்ற வாதம் கிடைக்கலாம். ஆனால் இடையில் சிறு தொகை கட்டி எழுத்தில் பதிந்திருந்தாலும், கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருந்தாலும் கணக்கு புதிதாகத் தொடங்கும். நோட்டீஸ் பார்த்த பயத்தில் 'ஆமாம், தரணும், கொஞ்சம் டைம் கொடுங்க' என்று பதில் எழுதுவது இதனால்தான் ஆபத்து. வக்கீலுக்குப் பணமில்லாத பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், குறைந்த வருமானமுள்ளோர் ஆகியோருக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். தொலைபேசி எண் 15100. வாய்தாவுக்குப் போகாமல் ஒருதலைத் தீர்ப்பு ஆகிவிட்டிருந்தாலும், அதை ரத்து செய்யக் கேட்டு மனுப்போட 30 நாள் இருக்கிறது.