க்ளைமாக்ஸ் தெரிஞ்சும் ஏன் பதறுது? ‘த்ரிஷ்யம்’ டு ‘பாபநாசம்’... நடிகர் மாறினால் என்ன மாறும்?

ஒரு த்ரில்லர் படத்தோட க்ளைமாக்ஸ் தெரிஞ்சுபோச்சுன்னா, அதை மறுபடி பார்க்க என்ன இருக்கு? நியாயமான கேள்விதான். ஆனால், ‘த்ரிஷ்யம்’ கதையை மலையாளம், தமிழ், இந்தி என மூன்று மொழிகளிலும் பார்த்துவிட்டு, “மோகன்லாலா, கமலா?” என்று வாட்ஸ்அப் குரூப்பில் இன்னமும் மல்லுக்கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கதை ஒன்றுதான். சண்டை முழுக்க நடிகர்களைப் பற்றியது.

(இனி வருவதெல்லாம் ஸ்பாய்லர்தான். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

2013 டிசம்பரில் ஜீத்து ஜோசப் இயக்கத்தில் மலையாள ‘த்ரிஷ்யம்’ வெளியானது. அடுத்த ஆண்டு தெலுங்கில் வெங்கடேஷ், கன்னடத்தில் ரவிச்சந்திரன். 2015 ஜூலை தொடக்கத்தில் கமல்ஹாசனின் ‘பாபநாசம்’, அதே மாதக் கடைசியில் அஜய் தேவ்கனின் இந்தி ‘த்ரிஷ்யம்’. எல்லாவற்றிலும் ஹீரோ ஒரு கேபிள் டிவி ஆபரேட்டர். மகளை மிரட்டிய பையன் அவர் வீட்டிலேயே இறந்துபோகிறான். இறந்தவன் போலீஸ் ஐ.ஜி.யின் மகன். தான் பார்த்த சினிமாக்களில் கற்றதை வைத்து, குடும்பத்தைக் காப்பாற்ற அந்த மனிதர் பொய்க்கு மேல் பொய்யாக அடுக்குகிறார்.

ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. ஒரு தாய் தன் மகனைத் தேடுகிறாள். நம்ம ஹீரோவோ அவன் உடலை மறைத்துவிட்டு, எதுவும் தெரியாததுபோல நிற்கிறார். இருந்தும் நாம் ஹீரோ பக்கம் நிற்கிறோம். இதைத் திரைக்கதை மட்டுமே செய்துவிடவில்லை. பாதி வேலை, அந்த நடிகரைப் பற்றி நம் மனசில் ஏற்கெனவே இருப்பது.

‘தேவாசுரம்’, ‘நரசிம்மம்’ பார்த்து வளர்ந்த மலையாள ரசிகருக்கு மோகன்லால் என்றால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடிக்கிறவர். அவரை ஒரு கான்ஸ்டபிள் போட்டு மிதிக்கும்போது, “எப்போ திருப்பி அடிப்பாரு?” என்று தியேட்டர் காத்திருக்கும். அவர் கடைசிவரை அடிக்கவே மாட்டார். அந்தக் காத்திருப்புதான் சஸ்பென்ஸ். இந்தியில் இது இன்னும் வேடிக்கை. சூர்யாவின் ‘சிங்கம்’ இந்திக்குப் போனபோது, 2011-ல் போலீஸாக வந்து கோவாவில் ரவுடிகளை அறைந்தவர் இதே அஜய் தேவ்கன். நாலு வருஷம் கழித்து, அதே கோவாவில் நடக்கும் கதையில் போலீஸிடம் அடி வாங்குகிறார். புதுமுகம் ஒருவர் அந்த வேடத்தைச் செய்திருந்தால் பரிதாபம் வந்திருக்கும். இந்தப் பதற்றம் வந்திருக்காது.

அந்த கான்ஸ்டபிள் வேடத்தைக் கவனித்தால் விஷயம் இன்னும் தெளிவாகப் புரியும். மலையாளத்தில் அதைச் செய்தவர் கலாபவன் ஷாஜோன். அதுவரை அவரை காமெடியனாகவே பெரும்பாலானோர் பார்த்திருந்தனர். சிரிக்க வைத்த முகம் சின்னப் பெண்ணை அடிக்கும்போது வயிற்றைப் பிசைந்தது. தமிழில் அதே வேடம் கலாபவன் மணிக்கு. ‘ஜெமினி’ பார்த்தவர்களுக்கு அவர் உள்ளே நுழையும்போதே தெரிந்துவிடும், ‘இந்தாளு சும்மா விடமாட்டான்’ என்று. அதிர்ச்சி குறைவு, பயம் அதிகம். எது சரி என்று கேட்டால், ஷாஜோனுக்குத்தான் ஓட்டு. வில்லன் என்று முன்கூட்டியே தெரியாத வில்லன்தான் இந்தக் கதைக்குத் தேவை.

இன்னொரு சுவாரஸ்யம் ஆஷா சரத். ஐ.ஜி. வேடத்தில் மலையாளம், கன்னடம், தமிழ் மூன்றிலும் அவரேதான். அதிலும் மலையாளம், தமிழ் இரண்டுக்கும் இயக்குநர் ஒருவரே. எதிரில் நிற்கும் ஹீரோ மட்டும் மாறுகிறார். இப்படி ஒரு சோதனை வேண்டும் என்று தேடினால்கூடக் கிடைக்காது!

கடைசியில் பதவியைத் துறந்த அந்தத் தாயும் கணவரும் ஹீரோவைச் சந்திக்கும் காட்சி நினைவிருக்கிறதா? மகன் உயிரோடு இருக்கிறானா என்பது மட்டும் தெரிந்தால் போதும் அவர்களுக்கு. மோகன்லால் குரலை உயர்த்தாமல், சுற்றி வளைத்து, செய்ததை ஒப்புக்கொள்கிறார். பெரிதாக உடைவதில்லை. அதனால் நம் கண் அந்தத் தாயின் மேலேயே நிற்கிறது. ‘பாபநாசம்’ படத்தில் ஜெயமோகன் எழுதிய நெல்லைத் தமிழில் பேசியபடி கமல் உடைந்து அழுகிறார். இப்போது நாம் பார்ப்பது அவரை. தாயின் காட்சி, சுயம்புலிங்கத்தின் காட்சியாக மாறிவிடுகிறது. கமல் ரசிகர்கள் இதைப் படத்தின் உச்சம் என்பார்கள். நடிப்பாகப் பார்த்தால் உண்மைதான். ஆனால், இதுவரை எதையும் முகத்தில் காட்டாமல் ஐ.ஜி.யை ஏமாற்றிய மனிதர் இவர் என்பது அந்த அழுகையில் கொஞ்சம் கரைந்துபோகிறது.

இந்தியில் தபு. முந்தைய ஆண்டு ‘ஹைதர்’ படத்தில் மகனால் தவிக்கும் தாயாக வந்தவர். அஜய் தேவ்கன் முகத்தை இறுக்கமாகவே வைத்திருக்க, பல காட்சிகளில் தபு பக்கம் சாய்ந்துவிடத் தோன்றும். அதே கதையில் ‘இவ்வளவு நாள் தப்பான ஆளுக்கு விசில் அடிச்சோமோ?’ என்ற சந்தேகத்தைக் கிளப்பியது, தபுவைத் தேர்ந்தெடுத்த அந்த ஒரு முடிவு.

நடிகர் தேர்வு என்பது தனி வேலை என்பதை விருதுகள் இப்போதுதான் ஒப்புக்கொள்கின்றன. பிரிட்டனின் பாஃப்டா 2020-ல் காஸ்டிங்குக்கு விருது தரத் தொடங்கியது. 2025-ல் வெளியான படங்களிலிருந்து ஆஸ்கரிலும் தனிப் பிரிவு வந்துவிட்டது.

‘த்ரிஷ்யம் 2’ 2021-ல் ஓடிடியில் வந்தது. தெலுங்கு, கன்னடம், இந்தியிலும் அதன் ரீமேக்குகள் வந்துவிட்டன. ஆறு வருஷமாக ஜார்ஜுகுட்டி மனசுக்குள் என்ன வைத்திருந்தார் என்ற கேள்வியில்தான் அந்தப் படமே நகர்கிறது. முதல் பாகத்தில் மோகன்லால் அழுது தீர்க்காததால்தான் அந்தக் கேள்வி மிச்சம் இருந்தது. ‘பாபநாசம் 2’ இதுவரை வரவில்லை. வந்தால், ஏற்கெனவே எல்லாவற்றையும் கொட்டி அழுதுவிட்ட சுயம்புலிங்கத்திடம் எதை மிச்சம் வைப்பது என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.