டிரைவர் மீது பழி போடும் முன்

2008 செப்டம்பரில், லினக்ஸ் 2.6.27 கெர்னலின் சோதனைப் பதிப்புகளை ஓட்டிப் பார்த்த சிலருடைய கணினிகளில் நெட்வொர்க் கார்டு செத்துப்போனது. அணைத்துப் போட்டும் உயிர் வரவில்லை. பழைய கெர்னலுக்குத் திரும்பியும் பலனில்லை. எல்லாமே இன்டெல்லின் 82566, 82567 வகைச் சில்லுகள். இ1000இ என்ற டிரைவரில் இயங்குபவை. பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்து வருபவை.

மின்சாரம் போனாலும் அழியாத சிறு நினைவகம் ஒன்று இந்தச் சில்லுகளுக்கு உண்டு. என்.வி.எம். என்பார்கள். கார்டின் மேக் முகவரியும் அமைப்பு விவரங்களும் அதில் இருக்கும். டிரைவர் ஏறும்போது அதன் செக்சம்மைச் சரிபார்க்கும். பொருந்தாவிட்டால் கார்டை ஏற்காது. செத்த கார்டுகளில் அந்த நினைவகம் சிதைந்து கிடந்தது. மென்பொருள் பிழை எதற்கும் ரீபூட் போதும் என்று பழகியவர்களுக்கு இது பேரதிர்ச்சி. உபுண்டு 8.10இன் சோதனைப் பதிப்பில் அந்த டிரைவரையே முடக்கி வைத்தார்கள்.

சந்தேகம் முதலில் டிரைவர் மீது விழுந்தது. அடுத்து கிராபிக்ஸ் பக்கம் போனது. டிரைவரின் நிரலைத் துருவியபோது அதில் சில குறைகள் உண்மையிலேயே அகப்பட்டன, திருத்தவும் பட்டன. இத்தகைய தேடலில் மிக ஆபத்தான கட்டம் இதுதான் என்பேன். தேடும் இடத்தில் ஒரு பிழை கிடைத்துவிட்டால், தேடிய பிழை அதுவே என்று மனம் நம்பத் துடிக்கும். என்.வி.எம்.மில் யாரும் எழுத முடியாதபடி பூட்டு போடும் திருத்தத்தோடு அக்டோபர் 9 அன்று 2.6.27 வெளிவந்தது. பூட்டு கார்டைக் காத்தது. எழுத வந்தது யார் என்பதை அது சொல்லவில்லை.

எழுத வந்தது எஃப்டிரேஸ். கெர்னலின் ஃபங்ஷன்கள் எப்போது அழைக்கப்படுகின்றன என்று பின்தொடரும் கருவி அது. நெட்வொர்க்குக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. ஒவ்வொரு ஃபங்ஷனின் தொடக்கத்திலும் ஓர் அழைப்பு பொதிந்திருக்கும். ஃபங்ஷன் முதல்முறை ஓடும்போது அந்த இடத்தின் முகவரி குறித்து வைக்கப்படும். பின்னணியில் நொடிக்கொரு முறை விழிக்கும் ஒரு திரெட், குறித்து வைத்த இடங்களுக்குப் போய் அந்த அழைப்பை ஒன்றும் செய்யாத கட்டளையாக மாற்றிவிடும்.

மாட்யூல்களின் தொடக்க நிரல் ஒரே ஒரு முறை ஓடும். ஓடி முடிந்ததும் அதன் நினைவகத்தைக் கெர்னல் விடுவித்துவிடும். எஃப்டிரேஸின் பட்டியலிலோ அந்த முகவரி அப்படியே இருந்தது. இடைப்பட்ட நேரத்தில், காலியான அதே முகவரி வரம்பைக் கெர்னல் நெட்வொர்க் டிரைவருக்குக் கொடுத்துவிட்டால்? டிரைவர் தன் கார்டின் என்.வி.எம்.மை அங்கே பொருத்திக்கொள்ளும். குடி மாறியது தெரியாமல் பழைய விலாசத்துக்குப் போய்ச் சுவரில் துளை போடுகிறவரைப் போல, எஃப்டிரேஸ் அங்கே போய் நின்றது.

அதை எழுதியவர்கள் அஜாக்கிரதையாக இருக்கவில்லை. ‘எதிர்பார்த்த மதிப்பு அங்கே இருந்தால் மட்டும் மாற்று’ என்ற ஒப்பிட்டு மாற்றும் கட்டளையைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் எக்ஸ்86 பிராசஸரில் அந்தக் கட்டளை, ஒப்பீடு பொருந்தாவிட்டாலும், படித்த மதிப்பையே திரும்ப எழுதும். சாதாரண ரேமில் அதனால் ஒரு தீங்கும் இல்லை. வன்பொருளின் முகவரியில் எழுத்து என்பதே ஒரு செயல். கார்டு அப்படித்தான் சிதைந்தது. அக்டோபர் 15 அன்று வந்த 2.6.27.1, எஃப்டிரேஸின் அந்த வசதியை முடக்கியது. பின்னர் கம்பைல் செய்யும்போதே முகவரிகளைத் திரட்டும்படி அதன் வடிவமைப்பு மாற்றப்பட்டது.

தவறான இடத்தில் பழி விழும் இந்த ஆபத்து 2008உடன் முடிந்துவிடவில்லை. அன்றாடம் காணும் ஒரு வடிவம்: லாகில் ‘பேஜ் அலொகேஷன் ஃபெயிலியர்’ என்ற வரி, அடியில் நெட்வொர்க் டிரைவரின் பெயர். பாக்கெட் வந்து இன்டரப்ட் நடக்கும் வேளையில் நினைவகம் கேட்பதால் டிரைவர் காத்திருக்க முடியாது. அந்தக் கணத்தில் கிடைக்காவிட்டால் தோல்விதான். 9000 பைட் ஜம்போ ஃபிரேம் வைத்து, பஃபரைத் துண்டுகளாக ஏற்கத் தெரியாத டிரைவர் என்றால் 4 கேபி பக்கங்கள் பலவற்றை அடுத்தடுத்து ஒட்டியபடி கேட்கும். மொத்த ரேம் தாராளமாக இருந்தும் ஒட்டிய பக்கங்கள் இல்லாமல் போகலாம். லாகில் வரும் பெயர் கேட்டுக் கிடைக்காதவரின் பெயர். தின்றவர் வேறெங்கோ இருக்கலாம். கெர்னல் காலியாக வைத்திருக்கும் அளவான மின்_ஃப்ரீ_கேபைட்ஸ் மதிப்பை உயர்த்திவிட்டு வழக்கை மூடினால், நினைவகக் கசிவு இருக்கும் பட்சத்தில் தோல்வி சில நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். முதலில் பட்டியின்ஃபோ கோப்பில் பெரிய துண்டுகள் எத்தனை மிச்சம் என்று பாருங்கள், கசிவைத் தேடும் கெமெம்லீக்கை ஓடவிடுங்கள்.

விடுவித்த நினைவகத்தைத் தொடும் பிழைகளைப் பிடிக்க 2015இல் வந்த 4.0 கெர்னல் முதல் கசான் என்ற கருவி இருக்கிறது. அதற்கும் எல்லை உண்டு. பிராசஸர் ஓட்டும் நிரலைத்தான் அது கண்காணிக்கும். கார்டு டி.எம்.ஏ. வழியாக நேரே ரேமில் எழுதுவது அதன் கண்ணில் படாது. டிரைவர் பஃபரை விடுவித்த பிறகும் அதன் முகவரி கார்டின் ரிங்கில் இருந்தால், அடுத்த பாக்கெட் வேறொருவருடைய தரவின் மேல் இறங்கும். கோப்பு முறைமையில் ஏதோ கோளாறு என்று நீங்கள் வாரக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பீர்கள். இதைத் தடுக்கவும் காட்டிக்கொடுக்கவும், கார்டு தொடக்கூடிய முகவரிகளைக் கட்டுப்படுத்தும் ஐ.ஓ.எம்.எம்.யு. வேண்டும், சோதனைக் கணினியில் அதைக் கண்டிப்பு முறையில் வையுங்கள், வேகம் குறைந்தாலும் பரவாயில்லை.

2008இல் என்.வி.எம்.மின் நகலை முன்பே எடுத்து வைத்தவர்களுக்கு அதைத் திரும்ப எழுதிக் கார்டை மீட்க வழி இருந்தது. சோதனைக் கெர்னலை ஏற்றும் முன் ‘எத்டூல் -இ’ கட்டளையின் வெளியீட்டை வேறொரு கணினியில் சேமித்து வையுங்கள்.